அம்மாவின் வண்டிமேல் பனி

டிசம்பர் 16

இன்று சாயங்காலமும் அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்தாள். வண்டியை முற்றத்தில் நிறுத்தினாள். கண்ணாடியோடு ஒட்டி உறையாமல் இருக்க வைப்பர் இரண்டையும் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். வீட்டுக்குள் வருவாள் என்று பார்த்தால், மறுபடி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி, நடுவில் போன் வெளிச்சம். பிலிப்பைன்ஸுக்குத்தான் பேசுகிறாள். அவள் ஊர்ப் பாஷையில் பேசும்போது மட்டும் வாயைப் பெரிதாகத் திறப்பாள். இங்கே எங்களோடு பேசும்போது பாதிதான் திறப்பாள்.

பனி விழுந்துகொண்டிருந்தது. நான் குப்பை வாரும் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சைலன்சர் குழாயைச் சுற்றியிருந்த பனியை வாரிப் போட்டேன். குழாய் மூடிக்கொண்டால் புகை வண்டிக்குள் வந்துவிடும். அந்தப் புகைக்கு வாசனையே இல்லையாம். தீயணைப்பு நிலையத்திலிருந்து பள்ளிக்கு வந்தவர் சொன்னார்: "தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அவ்ளோதான்." சொல்லும்போதே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பின் கண்ணாடியிலும் பனிதான்.

அப்பா பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ஊர் தூங்கும்போது எழுந்து போய், பள்ளிக்கூட நேரத்துக்குள் எல்லாத் தெருவையும் திறந்துவிட வேண்டும். அவர் பூட்ஸ் மாட்டும் சத்தம் கேட்டதும் எனக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் வராது. அதனால்தான் இந்த டைரி. தூங்கப் போன நாளின் தேதியைத்தான் போடுகிறேன். போர்வைக்குள், டார்ச் வெளிச்சத்தில். யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 20

கியோ அத்தை முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்தாள். அப்பாவின் அக்கா. பக்கத்துக் குக்கிராமத்தில் மகனோடு இருக்கிறாள். வாசலிலேயே நின்று காரைப் பார்த்தாள்.

"உங்கம்மா எங்கடி?"

"கார்ல."

"ஏன், வீட்டுல கணப்பு கெட்டுப்போச்சா?"

"போன் பேசறாங்க அத்தை."

அத்தை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். "என் வீட்டுலயும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு மீதி தெரியும். அத்தையின் மருமகள் லோர்னாவும் அம்மாவின் நாட்டுக்காரிதான். நான்கு வருடத்துக்கு முன்னால், ஊருக்குப் போய்வருகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வரவில்லை.

டிசம்பர் 27

அம்மா காரிலிருந்து இறங்கும்போது கண் சிவந்திருந்தது. "வெங்காயம்" என்றாள். காருக்குள் ஏது வெங்காயம்?

ஜனவரி 2

தாத்தா விழுந்துவிட்டாராம். அம்மாவின் அப்பா. டிசம்பரிலேயே. இடது பக்கம் அசையவில்லையாம். இத்தனை நாள் அம்மா காருக்குள் பேசியது அதைத்தான். புத்தாண்டு முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். புத்தாண்டுக்காகச் செய்த, அரிசிக் கட்டி போட்ட சூப்பு ஆறிப்போய்விட்டது, யாரும் சாப்பிடவில்லை.

"ஒரு மாசம் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

அப்பா, "போய்ட்டு வா" என்றார். உடனே. கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அம்மாவின் வண்டியை அப்பாவின் கம்பெனிக் கொட்டகையில் விடுவது என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் முற்றத்துக் கார்க் கூரை போன வருடப் பனியில் மடங்கி விழுந்தது, இன்னும் கட்டவில்லை. புதன்கிழமை காலை மூன்று பேரும் அந்தக் காரிலேயே ஸ்டேஷனுக்குப் போவோம். திரும்பும்போது அப்பா கொட்டகையில் நிறுத்திவிட்டு வருவார்.

லோர்னாவும் ஒரு மாதம் என்றுதான் சொன்னாளா? யாரிடம் கேட்பது?

ஜனவரி 6

செய்துவிட்டேன்.

இங்கே குளிர்காலத்தில் யாரும் ஹேண்ட் பிரேக் போட மாட்டார்கள். கியரை மட்டும் போட்டு நிறுத்துவார்கள். சக்கரம் ஈரமாக இருக்கும்போது பிரேக்கை இழுத்து வைத்தால், விடிவதற்குள் உறைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டி நகராது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அம்மா பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஜிப் சிக்கிக்கொண்டது. "மினோ, இது மேல கொஞ்சம் உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். என் எடைக்கு மூடிக்கொண்டது. அது என்னவோ போல் இருந்தது — நானே மூடிக் கொடுத்த மாதிரி. கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கார்க் கதவைத் திறந்தேன். இழுத்தேன்.

ரொம்ப சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை.

ஜனவரி 7

அம்மா போய்விட்டாள்.

காலையில் வண்டி நகரவில்லை. எஞ்சின் பிடித்தது, முன்பக்கம் துள்ளியது, பின் சக்கரம் இரண்டும் சுழலாமல் பனியில் கோடு போட்டன. அப்பா உள்ளே குனிந்து பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்கவில்லை.

அம்மா பிரேக் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். கண்ணைத் தரையிலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

"கல்யாணமாகி வந்த முதல் வருஷம் நானும் இப்பிடி இழுத்து வெச்சேன், மினோ. உங்கப்பாவ வேலைக்கு விடக் கூடாதுன்னு."

"தெரியாம இழுத்தேன்னுதானே அன்னைக்கு சொன்ன?" என்றார் அப்பா.

"அன்னைக்கு அப்பிடிச் சொன்னேன்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்பாவின் சின்ன லாரியில்தான் போக வேண்டியிருந்தது. அதில் இரண்டே சீட்டு. ஆகவே நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. நானே தேடிக்கொண்டது.

லாரியில் ஏறிக் கண்ணாடியை இறக்கி அம்மா சொன்னாள்: "வண்டி உன் பொறுப்பு. நான் வந்து ஏறணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையுறை போட மறந்திருந்தாள். அவள் கை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

ஜனவரி 8

விடாமல் பனி. அப்பா வீட்டுக்கு வந்ததே மத்தியானம். சாப்பிட்டபடியே தூங்கினார், சாப்ஸ்டிக் கையிலிருந்தது. கார் அப்படியே நிற்கிறது. கொட்டகைக்கு இழுத்துப் போக வேண்டுமென்றால் இன்னொரு வண்டி வேண்டும், ஓர் ஆள் வேண்டும், பனி விழாத ஒரு நாள் வேண்டும். மூன்றும் இல்லை.

அதுவும் கூரைச் சரிவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கூரைப் பனி சரிந்தால் முதலில் அதன் மேல்தான்.

ஜனவரி 11

எனக்குச் சமைத்துப் போட அத்தை வந்துவிட்டாள். தலையணையும் கொண்டுவந்திருக்கிறாள், ஊறுகாய்ச் சாடியில் பாரம் வைக்கும் கல்லும் கொண்டுவந்திருக்கிறாள். அப்படியானால் எவ்வளவு நாள் இருப்பாள்?

நான் காரின் தலையிலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அத்தை ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

"அதை எதுக்குடி நோண்டற? மூடிக் கெடக்கட்டும். கோஸைப் பனிக்குள்ள புதைச்சு வெக்கறோமே, கெட்டா போகுது? இன்னும் இனிச்சுக் கெடக்கு. வண்டியும் அப்பிடித்தான்."

"வண்டி இனிக்க வேணாம் அத்தை. நசுங்காம இருந்தாப் போதும்."

"வாயப் பாரு. அந்தக் கோஸுக்கு இருக்கற அறிவுகூட உனக்கில்ல. அது பாட்டுக்கு உள்ள கெடக்குது, நீ காய்ச்சல் வர்ற வரைக்கும் வெளிய நிக்கற."

கோஸுக்கு மேலே எவ்வளவு பனி ஏறினாலும் ஒன்றும் ஆகாது, அது உருண்டை. காருக்குக் கண்ணாடி இருக்கிறது. பனி அடியில் இறுகி உட்காரும்போது எதையெல்லாம் பிடித்திருக்கிறதோ அதையெல்லாம் கீழே இழுக்கும். போன வருடம் கார்க் கூரை அப்படித்தான் போனது. அத்தைக்கு இது தெரியாதா? இங்கேயே பிறந்தவள். தெரிந்தேதான் சொல்கிறாளா?

அம்மா வர மாட்டாள் என்று அத்தை நினைக்கிறாள். அதனால்தான். அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 17

காலையில் பள்ளிக்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. முதலில் தலை. நீளப் பிடி போட்ட பஞ்சுக் கட்டையால் தள்ள வேண்டும். இரும்பு வாரி ஆகாது, பெயிண்ட் போய்விடும். வென்னீர் ஊற்றவே கூடாது, கண்ணாடி விரிசல் விடும். அப்புறம் பானெட். அப்புறம் சக்கரம். கதவு ரப்பரில் எண்ணெய் தடவி வைத்தேன், ஒட்டிக்கொண்டு கிழியாமல் இருக்க. நீள மூங்கிலில் என் பழைய நீச்சல் உடையின் சிவப்புத் துணியைக் கட்டி முன்பக்கம் நட்டுவிட்டேன். எல்லாம் மூடிப் போனாலும் அது எங்கே என்று தெரியும்.

தள்ளுகிற பனியை எங்கே போடுவது என்பதுதான் கஷ்டம். நம் பனி நம் எல்லைக்குள். ஓர் அள்ளு அடுத்த வீட்டுப் பக்கம் விழுந்தாலும் இடாகாகி மாமா ஜன்னலில் நிற்பார்.

தெருவாசலில் அப்பாவின் வண்டியே தள்ளிவிட்டுப் போன பனிக்கட்டி வரப்பு. எல்லார் வாசலிலும் இருப்பதுதான். "பனி தள்றவர் வீட்டு வாசல்லயே மலையா!" என்று இடாகாகி மாமா சிரிக்கிறார். அப்பா நினைத்தால் எங்கள் வாசலில் மட்டும் பனி தள்ளும் தகட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். மாட்டார்.

பேட்டரியை அப்பாதான் கழற்றிக் கொடுத்தார். சூடு வேண்டும் என்று பழைய துண்டைச் சுற்றிக் கூடத்து மூலையில் வைத்திருக்கிறேன். அத்தை அதில் தடுக்கினாள்.

"இது யாரு, முக்காடு போட்டு உக்கார வெச்சிருக்கீங்க? புது மருமகளா?"

அப்பா சிரித்தார். இந்த மாதத்தில் முதல் தடவை. அத்தையும் சிரித்தாள், அப்புறம் மருமகள் என்ற சொல் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 25

அம்மா வீடியோவில் வந்தாள். கையில்லாத சட்டை போட்டிருந்தாள். பின்னால் சேவல் கத்திக்கொண்டே இருந்தது. தாத்தா படுத்திருந்தார், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. ஒரு காலத்தில் பயணிகள் ஜீப்பு ஓட்டியவர். ஏதோ கேட்டார், அம்மா காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"பனியில வண்டி என்ன பண்ணும்னு கேக்கறார்."

"தூங்கும்னு சொல்லும்மா."

அம்மா அவர் பாஷையில் சொன்னாள். தாத்தாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று அம்மா சொன்னாள். பிரேக் இன்னும் விடவில்லை என்று நான் சொல்லவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஜனவரி 31

இன்னும் ஒரு மாதமாம். டிக்கெட்டை மாற்றிவிட்டாள். அப்பா போனில் "சரி" என்றார், "சரி" என்றார், மறுபடி "சரி" என்றார். அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 3

பேயை விரட்டும் நாள். எங்கள் பக்கத்தில் ஓட்டோடு நிலக்கடலைதான் எறிவோம், பனியில் விழுந்தாலும் பொறுக்கித் தின்னலாம். வீட்டு மூலைக்கெல்லாம் எறிந்த பிறகு நான் வெளியே போய்க் காரைச் சுற்றியும் எறிந்தேன். "பேய் வெளியே, நல்லது உள்ளே!"

"வண்டிக்குமாடி பேய் பிடிக்கும்?" என்றாள் அத்தை.

"பிடிச்சா என்ன பண்றது?"

"பிடிச்சா அதுவும் குளிர்ல வெறச்சுப் போய் உன்கிட்டயே கையுறை கேக்கும். உள்ள வா."

கடலையைப் பொறுக்கியவள் அவள்தான். என் பங்கை உரித்து என் கையிலேயே கொட்டினாள்.

பிப்ரவரி 8

பயமாக இருக்கிறது.

மத்தியானம் இடாகாகி மாமா வந்தார். தேநீர் குடித்தார். மழை, பனி, யார் யாருக்கு இடுப்பு வலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அதைச் சொன்னார். "என் மக ஏப்ரல்ல வேலைக்குச் சேர்றா. சின்ன வண்டி ஒண்ணு வேணும். உங்க வண்டி சும்மாதானே நிக்குது. பனி முழுக்க வெளியில நின்னா எதுக்கும் ஆகாதுப்பா. இப்பவே குடுத்துட்டா அதுக்கும் நல்லது."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சரி சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கு அந்தச் சொல் ஒன்றுதானே வாயில் வருகிறது.

"அது என்னுது இல்லீங்க" என்றார்.

"உன் வீட்டு வண்டிதானேப்பா?"

"வீட்டுதுதான். என்னுது இல்ல. அவ வந்தா கேட்டுச் சொல்றேன்."

வந்தா என்றார். வந்ததும் என்று சொல்லவில்லை. எனக்கு அது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 13

காய்ச்சல். வெளியே போக அத்தை விடவில்லை. பூட்ஸை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 14

பனி. பனி. காலையில் ஒரு தடவை ஜன்னல் வரை போனேன். கார் ஒரு மேடு மாதிரி இருந்தது.

பிப்ரவரி 15

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீடே அதிர்ந்தது. தட்டு நடுங்கியது. கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. அந்தப் பக்கம்தான்.

சிவப்புத் துணிகூடத் தெரியவில்லை.

போச்சு. எல்லாம் போச்சு. நான் கத்தினேன், அத்தையைப் பார்த்து என்னென்னவோ சொன்னேன். "நீங்கதான் பூட்ஸை ஒளிச்சீங்க, உங்களுக்கு அம்மா வரக் கூடாது, அதுதான் உங்களுக்கு ஆசை." அத்தை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நான் தட்டிவிட்டேன். அவள் கை எப்போதும் ஊறுகாய் வாசனை.

அம்மா, நான் பார்த்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 16

எழுந்தபோது வெளியே யாரோ யாரையோ திட்டும் சத்தம். ஜன்னலில் துடைத்துப் பார்த்தேன். அத்தை. அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அது பெரிதாக இருப்பதால் கயிறு கட்டிக்கொண்டு, மேட்டின் உச்சியில் நின்று வாரிக்கொண்டிருந்தாள். விடியும்போதே ஆரம்பித்திருக்கிறாள் போல, காரின் தலை தெரிந்துவிட்டது. பனியைத் திட்டினாள், காரைத் திட்டினாள், கூரை கட்டாத அப்பாவைத் திட்டினாள், இந்த ஊரில் பிறந்ததற்குத் தன்னையே திட்டினாள். இடாகாகி மாமா தன் ஜன்னலில் நின்றார். "வேடிக்கை பாக்கத்தான் வந்தீங்களா, வாரி இல்லியா உங்க வீட்டுல?" என்று கத்தினாள். அவர் வாரியோடு வந்துவிட்டார்.

கம்பளிக்கு மேல் கம்பளியாகப் போட்டுக்கொண்டு நான் வாசல் வரை போனேன். அத்தை விரட்டவில்லை. பள்ளத்தில் இறங்கிக் கதவுக் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். உடையவில்லை. தலை மட்டும் ஓட்டுபவர் பக்கம் குழிந்திருக்கிறது. பின்னால் வருவதைப் பார்க்கும் இடது பக்கக் கண்ணாடி ஒடிந்து ஒயரில் தொங்கியது, செத்த காக்கை மாதிரி.

"நாங்க வித்துட்டோம்" என்றாள் அத்தை. என்னைப் பார்க்காமல், பனியை வாரிக்கொண்டே. "லோர்னா வண்டிய. அவ அம்மா சாகக் கெடந்தா. நான் தினம் போன் போட்டு என்னைக்கு வர்ற, என்னைக்கு வர்றன்னு கேட்டேன். சொன்ன மாசம் தாண்டிச்சு, அடுத்த வாரமே வித்துட்டோம். அவ துணிமணி, குழந்தை தொட்டில், எல்லாம். அவ வந்திருந்தா எங்க வந்து உக்காருவா?"

"கண்ணாடி ஒடிஞ்சு போச்சு அத்தை" என்றேன்.

"ஒடிஞ்சா ஒட்டலாம். போய்ப் படு."

பிப்ரவரி 21

தாத்தா இறந்துவிட்டார். நேற்றுக் காலை. அப்பா தாத்தாவின் படத்தைப் போனில் பெரிதாக்கி வைத்து, அதன் முன் ஊதுபத்தி கொளுத்தினார். படத்தில் தாத்தா ஜீப்பின் மேல் சாய்ந்து நிற்கிறார். போன் அணைந்து அணைந்து போனது. அப்பா ஒவ்வொரு தடவையும் விரலால் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 22

அம்மாவோடு பேசினேன். வீடியோ இல்லை. குரல் மட்டும், அது மூக்கு வழியாக வந்தது.

அவர்கள் வழக்கத்தில் ஒன்பது நாள் ஜெபம். நாற்பதாம் நாள் மறுபடி எல்லோரும் கூடுவார்கள். அதுவரை ஆத்மா வீட்டைச் சுற்றியே இருக்குமாம், அன்றுதான் புறப்படுமாம். "நான் ஒம்பது நாள் முடிஞ்சதும் கிளம்பிடறேன் மினோ" என்றாள். "என் தங்கச்சிங்க நாப்பது வரைக்கும் இருன்னு சொல்றாங்க. வேண்டாம். உனக்கு அங்க பயமா இருக்கும்."

அவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

வந்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டாள். தினம் போன் போட்டுக் கேட்டேன் என்று சொன்னாளே — அது ஞாபகம் வந்தது. நானும் அப்படிக் கேட்டால், அம்மா என்னைக்கு என்னைக்கு என்று எண்ணிக்கொண்டு அங்கே உட்கார்ந்து ஜெபம் செய்வாள். தாத்தாவின் ஆத்மா புறப்படும் நாளில் அவள் இங்கே இருப்பாள்.

"நாப்பதும் இருந்துட்டு வா" என்றேன்.

"மினோ?"

"இருந்துட்டு வாம்மா. இங்க எல்லாம் சரியா இருக்கு. அத்தை இருக்காங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் சேவல் கத்தியது. அப்புறம் அம்மா என் முழுப் பெயரைச் சொன்னாள். "மினோரி." அவ்வளவுதான். அவள் வாய் பெரிதாகத் திறந்திருக்கும் என்று தோன்றியது.

போனை வைத்தேன். அத்தை ஈரக் கையோடு வந்தாள்.

"யாருடி உன்னை அப்பிடிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் இல்ல."

"லூசு" என்றாள். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். ஈரம் என் காதுக்குள் போய்விட்டது.

பிப்ரவரி 24

ஏன் சொன்னேன்? ஏன் சொன்னேன்? இப்போது அவள் வரவில்லையென்றால் அது நான் சொன்னதால்.

மார்ச் 10

மழை. முதல் மழை. பனி கறுத்துப்போய் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நாட்களில்தான் அது கீழே இழுக்கும், ஆகவே சக்கரத்தையும் பம்பரையும் சுற்றி நன்றாக வெட்டிவிட்டேன். அப்பாவும் வந்து நின்றார். சுத்தியலால் சக்கரத்து மூடியை மெல்ல, கதவு தட்டுவது மாதிரி, தட்டினார். உள்ளே ஏதோ விடுபட்டது. நான் பின்னால் நின்று தள்ளினேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

"ஏம்ப்பா அன்னைக்கு என்னைத் திட்டல?"

அப்பா சுத்தியலைத் துடைத்தார். "எனக்கும் அது நகராம இருந்தா நல்லாருக்கும்னுதான் இருந்துச்சு" என்றார்.

மார்ச் 19

பேட்டரியை மாட்டினோம். எஞ்சின் இரண்டு தடவை இருமியது. அப்புறம் பிடித்தது! அத்தை வாசலில் நின்று கைதட்டினாள், பிறகு தட்டவே இல்லை என்று சாதித்தாள். இடாகாகி மாமா வேலிப் பக்கம் வந்து, "பரவால்லியே, ஓடுதே" என்றார். "ஓடாம?" என்றாள் அத்தை.

மார்ச் 31

இன்று நாற்பது. அம்மா ஒரு படம் அனுப்பினாள். நீள மேசை, நிறையச் சாப்பாடு, நிறைய மனிதர்கள், யாரும் அழவில்லை. இனி அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. டிக்கெட் சனிக்கிழமைக்கு. நாள் குறித்தாயிற்று, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. விமானம் கிளம்பினது என்று சொன்னால்கூட, இறங்கினது என்று சொல்ல வேண்டும். இறங்கினாலும் ரயிலில் ஏற வேண்டும்.

ஏப்ரல் 6, காலை

நேற்று ஸ்டேஷனுக்கு எல்லோரும் அம்மாவின் காரிலேயே போனோம். அப்பா ஓட்டினார். ரயில் வந்தது, நிறையப் பேர் இறங்கினார்கள், கடைசியில் அம்மா இறங்கினாள். கறுத்து, மெலிந்து, மெல்லிய கோட்டோடு. குளிரில் பல் அடித்தது. அத்தை தன் கம்பளியைக் கழற்றி அவள் மேல் போட்டு, "இந்தக் குளிருக்கு இதையா போட்டுட்டு வருவாங்க" என்று திட்டினாள். அம்மா குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னாள். அத்தையும் குனிந்தாள். இரண்டு பேரும் குனிந்தபடியே நின்றார்கள், யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல்.

அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்ததும் தலைக்கு மேலிருந்த குழியைத் தொட்டுப் பார்த்தாள். டேப் சுற்றிய இடது கண்ணாடியைப் பார்த்தாள். "உனக்கு ரொம்ப வேலை" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியாது. ஆகவே அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். "லாரி வருது. சைக்கிள் வருது. போ, போ, இப்ப யாருமில்ல. நாய். நாய் நின்னுடுச்சு, நீ போ." அம்மா சிரித்துச் சிரித்து ஓட்டினாள்.

நான் பின்சீட்டில் அப்பாவோடு இருந்தேன். சொல்ல நிறைய வைத்திருந்தேன். கடலையைப் பற்றி, பேட்டரிக்கு முக்காடு போட்டதைப் பற்றி, தாத்தாவைப் பற்றிக் கேட்கவும் வேண்டியிருந்தது. ஆற்றுப் பாலம் வரும்வரை அம்மாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினது ஞாபகம் இல்லை. வண்டி எப்போது வீட்டுக்கு வந்தது, யார் என்னைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள், அப்பா எப்போது எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார், எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது.